ஷிஞ்சுகு நிலையத்தில் கிடந்த கலைமகள்

டோக்கியோவின் ஷிஞ்சுகு ரயில் நிலையம். ஆயிரக்கணக்கான கால்கள் விரைந்து போகும் இடத்தில், ஓரமாக ஒரு பெண் சுருண்டு கிடக்கிறாள். தலை சிக்குப் பிடித்திருக்கிறது. உடம்பெல்லாம் அழுக்கு, நல்ல போதை. யாரும் நின்று பார்ப்பதில்லை. ஒருவன் மட்டும் நிற்கிறான். அவன் பெயர் மிகுரா யோசுகே, ஊரறிந்த நாவலாசிரியன். அவள் உளறுவது பிரெஞ்சுக் கவிஞர் வெர்லேனின் வரிகள் என்பது அவன் காதில் விழுகிறது. அவளை எழுப்பித் தன் வீட்டுக்குக் கூட்டிப் போகிறான். பெருநகரம் கோடிக்கணக்கான மனிதர்களை விழுங்கிச் செரித்து வெளியே தள்ளிய கழிவு போன்றவள் என்றுதான் அவளை நமக்கு அறிமுகம் செய்கிறான்.

அந்தக் கழிவுதான் அவனுடைய கலைமகள். அது அவனுக்குப் புரியச் சில நூறு பக்கங்கள் ஆகின்றன. புரிந்த கையோடு அவளை இழந்தும் விடுகிறான்.

ஒசாமு தெசுகாவின் ‘பார்பரா’ என்ற மங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை இது. ஜப்பானியர்கள் ‘பருபோரா’ என்பார்கள். ஷோகாகுகான் பதிப்பகத்தின் ‘பிக் காமிக்’ இதழில் 1973 ஜூலை முதல் 1974 மே வரை தொடராக வந்தது. மாதம் இருமுறை வரும் அந்த இதழ் பெரியவர்களுக்கானது. தொகுத்துப் பார்த்தால் 400 பக்கங்களுக்கு மேல் வரும். சிறுவர் மங்காவான ‘அஸ்ட்ரோ பாய்’ வழியாக மட்டும் தெசுகாவை அறிந்தவர்கள் இதைத் திறந்தால் திகைத்துப்போவார்கள். குடி, காமம், சூனியம், மனச்சிதைவு எல்லாம் இதில் உண்டு. பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுத்துவிட வேண்டாம்.

எழுத்து வற்றிப்போன எழுத்தாளனின் கதை என்றுதான் இதைச் சுருக்கிச் சொல்வார்கள். தப்பில்லை. ஆனால் எழுத்து எப்படி வற்றியது என்பதில்தான் இந்த மங்காவின் மர்மமே இருக்கிறது. மிகுராவிடமிருந்து எழுத்து தானாக ஓடிப்போகவில்லை. அதைத் தன் உடைமையாக்கிப் பூட்டி வைக்கப் பார்த்த நாளில்தான் போனது. நான் இதைப் படித்த ஒவ்வொரு முறையும் வந்து நின்றது இந்த இடத்தில்தான். அது ஏன் என்று விளக்க, கதையின் முடிவு வரை பேசியாக வேண்டும். முடிவு தெரியாமல் படிக்க விரும்புகிறவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.

முதல் அத்தியாயத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பல்பொருள் அங்காடியில் மிகுரா ஓர் அழகியைப் பார்க்கிறான். அப்படியொரு மயக்கம். பேசுகிறான், நெருங்குகிறான். அந்தச் சமயத்தில் குடிபோதையில் தள்ளாடிக்கொண்டு பார்பரா வந்து நுழைந்து அந்தப் பெண்ணை அடித்து நொறுக்குகிறாள். கை தனியாக, தலை தனியாகக் கழன்று விழுகிறது. அவன் காதலித்தது துணிக்கடைப் பொம்மையை. அடுத்த அத்தியாயத்தில் இன்னொரு பெண், இன்னொரு மயக்கம். மறுபடி பார்பரா, மறுபடி அடி. இம்முறை விழுந்து கிடப்பது ஒரு நாய்.

இந்த இரண்டு அத்தியாயங்களில் தெசுகா நமக்கு ஒரு பாடம் எடுத்துவிடுகிறார். மிகுராவின் கண்ணை நம்ப முடியாது. அவன் பார்த்ததாகச் சொல்வது ஒன்று, அங்கே இருந்தது வேறு. அவனே தன் ஆசைகள் சராசரி மனிதனுடையவை அல்ல என்று ஒப்புக்கொள்கிறவன். சரி, பொம்மையைப் பெண்ணாகப் பார்த்த கண், பார்பராவை மட்டும் சரியாகப் பார்த்ததா? ஷிஞ்சுகு நிலையத்தில் உண்மையிலேயே ஒருத்தி கிடந்தாளா? இந்தக் கேள்விக்கு மங்கா கடைசி வரை பதில் சொல்வதில்லை. இரண்டு பக்கமும் சாட்சியங்களை அடுக்கிக்கொண்டே போகிறது. மற்றவர்கள் அவளைப் பார்க்கிறார்கள், பேசுகிறார்கள். அதே சமயம் அவள் வந்த பிறகு நடப்பதெல்லாம் ஒரு மூளை கலங்கிக்கொண்டிருப்பதன் அறிகுறிகள் போலவும் இருக்கின்றன. துப்பறியும் கதையில் கொலையாளி யார் என்று தேடுவோம். இங்கே தேட வேண்டியது, யாருடைய தலைக்குள் நாம் உட்கார்ந்திருக்கிறோம் என்பதை.

கதையின் நடுப்பகுதியில் பார்பராவின் அம்மா வருகிறாள். பழம்பொருள்கள் குவிந்த கடை, நடுவில் பிரம்மாண்டமான உடம்போடு ஒரு கிழவி. அவள் பெயர் நெமோசினி. கிரேக்கப் புராணம் தெரிந்தவர்களுக்கு இந்த இடத்தில் மணி அடித்துவிடும். நெமோசினி என்றால் நினைவு. அவளுக்கும் தேவர்களின் அரசனான ஜீயஸுக்கும் பிறந்தவர்கள் மியூஸ்கள் என்ற ஒன்பது கலைத் தெய்வங்கள். கவிதை, இசை, நாடகம், வரலாறு என்று ஒவ்வொன்றுக்கும் ஒருத்தி. அந்த வீட்டுப் பெண்களில் ஒருத்திதான் அழுக்கும் சாராய வாடையுமாக டோக்கியோவில் அலைகிறாள் என்று ஆகிறது. அவள் உடனிருக்கும்வரை கலைஞனுக்கு ஏறுமுகம். அவள் போய்விட்டால் அவன் கதை முடிந்தது.

கலைக்குத் தாய் நினைவு என்று கிரேக்கர்கள் சொன்னதைத் தெசுகா வெறும் அலங்காரமாக எடுத்துக்கொள்ளவில்லை. நினைவுக்குப் பழைய சாமான் கடை வைத்துக் கொடுத்தார் பாருங்கள், அந்த ஒரு யோசனைக்காகவே நான் இந்த மங்காவைக் கொண்டாடுவேன். எழுதுகிறவன் மனசு அப்படித்தானே இருக்கிறது? என்றோ கேட்ட ஒரு பேச்சு, உடைந்த ஒரு சாமான், யாருடையது என்றே தெரியாத ஒரு முகம். எதுவும் ஒழுங்காக அடுக்கியிருக்காது. எது எப்போது கைக்கு வரும் என்று கடைக்காரிக்கே தெரியாது.

பழங்கிரேக்கக் கவிஞர் ஹெஸியட் தம் ‘தியோகனி’யின் தொடக்கத்தில் இந்த மியூஸ்களைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறார். ஹெலிகான் மலைச்சாரலில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தபோது அவர்கள் தோன்றி, மெய் போலவே இருக்கும் பொய்களைச் சொல்லவும் எங்களுக்குத் தெரியும், மனம் வைத்தால் மெய்யையே சொல்லவும் தெரியும் என்று கூறினார்களாம். 2,600 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைய வரிகள். மிகுரா நமக்குச் சொல்லும் கதை முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஊசலாடுகிறது.

கிரேக்கம் ஒரு வேர் என்றால் இன்னொரு வேர் ஓர் இசை நாடகம். ஜாக் ஆஃபன்பாக் இசையமைத்த ‘ஹாஃப்மனின் கதைகள்’. ஆஃபன்பாக் 1880இல் அதை முழுதாக முடிக்காமலே இறந்துபோக, 1881இல் பாரிஸில் அரங்கேறியது. இதிலிருந்துதான் ‘பார்பரா’வுக்கான பொறி கிடைத்தது என்று தெசுகாவே சொல்லியிருக்கிறார். ஜெர்மானிய எழுத்தாளர் ஹாஃப்மனே அதன் நாயகன். ஒரு மதுக்கடையில் உட்கார்ந்து தன் மூன்று காதல்களைச் சொல்கிறான். முதலாமவள் ஒலிம்பியா, ஓர் இயந்திரப் பொம்மை. இரண்டாமவள் பாடினால் உயிர் போய்விடும் என்ற நிலையில் இருக்கும் பாடகி. மூன்றாமவள் அவன் பிரதிபிம்பத்தையே திருடிவிடும் தாசி. கலைத் தெய்வமான மியூஸ் ஓர் ஆண் நண்பன் வேடத்தில் கூடவே வருகிறாள். மூன்று காதலும் தோற்று அவன் குடித்து விழும்போது, இனி நீ எனக்குத்தான் என்று அவனை எடுத்துக்கொள்கிறாள்.

அங்காடிப் பொம்மை எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும். ஒலிம்பியாவின் மூலக்கதையான ஹாஃப்மனின் ‘மணல் மனிதன்’ 1816இல் வெளியானது. பழகிய ஒன்றே திடீரென்று அந்நியமாகி அச்சமூட்டும்போது வரும் நடுக்கத்தைப் பற்றி சிக்மண்ட் ஃபிராய்ட் 1919இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்தக் கதையைத்தான் விரிவாக அலசுகிறது. ஆக, மிகுரா பொம்மையைக் காதலிக்கும் அந்தச் சில பக்கங்களுக்குப் பின்னால் 150 வருடத்துப் பேச்சு இருக்கிறது.

ஆனால் தெசுகா செய்த மாற்றம் ஒன்றுதான் என்னை உலுக்கியது. இசை நாடகத்தில் குடிப்பவன் கவிஞன், தெளிவாக இருப்பவள் தெய்வம். மங்காவில் தெய்வம்தான் குடித்துவிட்டுக் கிடக்கிறது. கவிஞன் மிடுக்காக உடுத்தி, கறுப்புக் கண்ணாடி மாட்டி, வாசகர்களும் அரசியல்வாதிகளும் சூழ வாழ்கிறான். அவன் வீட்டில் விலையுயர்ந்த சாராயம் இருந்தால் அவள் குடித்துத் தீர்த்துவிடுவாள். குளிக்க மாட்டாள். அவன் திட்டுவான், அடிப்பான், வெளியே தள்ளுவான். திரும்பி வருவாள். அவன் எழுதிக்கொண்டிருப்பான்.

அந்தக் காலத்து ஜப்பானியர்களுக்கு இந்தப் பெண்ணின் தோற்றத்தில் ஒரு செய்தி இருந்தது. 1967 வாக்கில் ஷிஞ்சுகுவில் ‘ஃபூதென்’ என்று அழைக்கப்பட்ட இளைஞர் கூட்டம் ஒன்று இருந்தது. வேலையும் வீடும் வேண்டாம் என்று நிலையத்தைச் சுற்றிப் படுத்துக் கிடந்தவர்கள். 1968 அக்டோபரில் அதே நிலையத்தில் வியட்நாம் போர் எதிர்ப்புப் போராட்டம் பெரும் கலவரமாக வெடித்தது. 1969இல் மேற்கு வாசலின் நிலத்தடிச் சதுக்கத்தில் கித்தாரோடு கூடிப் போர் எதிர்ப்புப் பாட்டு பாடினார்கள். காவல்துறை கலைத்துவிட்டது. 1973க்குள் எல்லாம் அடங்கிப்போயிருந்தது. அப்படியென்றால் பார்பரா, கூட்டம் கலைந்த பிறகும் வீடு திரும்பாமல் தங்கிவிட்ட கடைசி ஆள். நகரம் துடைத்தெறிந்த ஒன்றிலிருந்துதான் ஒரு வெற்றிகரமான எழுத்தாளனுக்குக் கற்பனை ஊறுகிறது என்று தெசுகா சொல்வது அந்த ஊர்க்காரர்களுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

எழுத்தாளன் என்ற பிம்பமும் அப்போது ஜப்பானில் காயம்பட்டிருந்தது. 1970 நவம்பர் 25 அன்று யுகியோ மிஷிமா ராணுவ முகாம் ஒன்றில் வயிற்றைக் கிழித்துக்கொண்டு செத்தார். நோபல் பரிசு பெற்ற யசுனாரி கவாபாதா 1972 ஏப்ரலில் இறந்துபோனார், அதையும் தற்கொலை என்றே பெரும்பாலோர் கருதினார்கள். அழகை வழிபட்ட இரண்டு பெரிய எழுத்தாளர்கள், பதினேழு மாத இடைவெளியில். மிகுராவும் அழகியல்வாதி என்று பெயர் வாங்கியவன். அவனை மிஷிமாவின் நகல் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உடற்கட்டும் புகழும் உள்ளே ஏதோ ஒரு கோணலுமாக அவன் நடந்து வரும்போது, அன்றைய வாசகனுக்கு அந்த நிழல் தெரியாமல் இருந்திருக்காது.

இப்போது தெசுகாவுக்கு வருவோம். இந்த மங்காவைப் பற்றிப் பேசும்போது பலரும் ஒரு வரியில் கடந்துபோகும் இடம் இது. எனக்கு இதுதான் முக்கியம்.

1928இல் பிறந்தவர். மருத்துவம் படித்தவர், பட்டம் வாங்கியவர், ஆனால் அந்தத் தொழிலைச் செய்யாமல் வரையப் போனவர். 1947இல் வெளியான ‘புதிய புதையல் தீவு’ ஒரு தலைமுறையையே மங்கா வரைய வைத்தது. 1963 ஜனவரி 1 அன்று அவருடைய முஷி புரொடக்ஷன் தயாரித்த ‘அஸ்ட்ரோ பாய்’ தொலைக்காட்சிக்கு வந்தது. ஜப்பானிய அனிமேஷன் தொழிலே அதிலிருந்துதான் தலையெடுத்தது என்று சொல்லலாம். இவ்வளவும் ஏறுமுகம். அதற்குள் கீழே மண் சரிய ஆரம்பித்திருந்தது. யோஷிஹிரோ தத்சுமி 1957இல் பெயர் வைத்த ‘கெகிகா’ என்ற முரட்டுப் பாணி, தெருவோர மனிதர்களையும் இருண்ட வாழ்க்கையையும் வரைந்தது. கல்லூரி மாணவர்கள் அதன் பக்கம் போனார்கள். தெசுகாவின் உருண்டையான கோடுகள் திடீரென்று பழசாகத் தெரிந்தன. பிறர் நன்றாக வரைந்தால் பொறாமைப்படுவதை அவர் ஒளித்ததே இல்லை. 1960களின் கடைசியிலிருந்து 1973 வரையான காலத்தைத் தன் ‘குளிர்காலம்’ என்று பின்னாளில் அவரே குறிப்பிட்டார்.

அப்புறம் வந்தது 1973. முஷி புரொடக்ஷனின் தலைமைப் பொறுப்பிலிருந்து அவர் 1971இலேயே விலகியிருந்தார். ஆனாலும் அதன் கடன் அவரை விடவில்லை. ஆகஸ்டில் அதன் வணிகப் பிரிவான முஷி புரொ ஷோஜி திவாலானது. நவம்பரில் முஷி புரொடக்ஷனும் திவாலானது. அவருக்கு அப்போது 45 வயது. ‘பார்பரா’ தொடங்கியது ஜூலையில் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்தத் தேதிகளைப் பாருங்கள். இரண்டாவது மாதத்தில் ஒரு திவால், ஐந்தாவது மாதத்தில் இன்னொன்று. எழுத்து கைவிட்டுப்போன மனிதனின் கதையை, தன்னிடமிருந்து எல்லாம் கைவிட்டுப்போய்க்கொண்டிருந்த மாதங்களில் அவர் இரு வாரத்துக்கு ஒரு அத்தியாயமாக வரைந்துகொண்டிருந்தார்.

அதே நவம்பரில்தான் ‘ஷோனென் சாம்பியன்’ வார இதழில் ‘பிளாக் ஜாக்’ தொடங்குகிறது. உரிமம் இல்லாத அறுவை மருத்துவரின் கதை. சில வாரங்கள் மட்டும் ஓடட்டும் என்று ஆரம்பித்தார்கள், ஏனென்றால் தெசுகாவின் காலம் முடிந்துவிட்டது என்ற எண்ணம் பரவியிருந்தது. அது 240 அத்தியாயங்களைத் தாண்டியது. இதற்கு நடுவில், 1972இல் தொடங்கிய ‘புத்தா’வையும் வரைந்துகொண்டிருந்தார். கபிலவஸ்துவில் ஒரு கை, ஷிஞ்சுகுவில் ஒரு கை, அறுவை அரங்கில் இன்னொரு கை.

இதனால்தான் மிகுராவைத் தெசுகாவின் தன்வரலாறு என்று சொல்லும்போது எனக்குச் சம்மதம் வருவதில்லை. வறட்சி வந்தால் மிகுரா தேடுவது ஒரு பெண்ணை. தெசுகா தேடியது இன்னொரு வேலையை. பயம் இருவருக்கும் ஒன்றுதான், ஆனால் கால்கள் ஓடிய திசை வேறு. தானும் இப்படி ஆகிவிடுவோமோ என்று தெசுகா அஞ்சிய ஒருவன்தான் மிகுரா என்று வேண்டுமானால் சொல்லலாம்.

கதைக்குத் திரும்பலாம். பார்பரா யார் என்று தெரிந்த பிறகு மிகுரா என்ன செய்கிறான்? அவளைக் குளிப்பாட்டி, நல்ல உடை உடுத்தி, கல்யாணம் செய்துகொள்ள முடிவெடுக்கிறான். அழுக்கு நீங்கியதும் அவள் பேரழகி. குடியையும் விட்டுவிடுகிறாள். இந்தப் பக்கங்களில் ஓர் இழப்பு நடக்கிறது, ஆனால் மிகுரா மகிழ்ச்சியில் இருப்பதால் நமக்கு உடனே உறைப்பதில்லை. அவனுடைய பொய்க் காதல்களை அடித்து நொறுக்கியவள், அவனைத் திட்டி எழுதவைத்தவள் இருந்த இடத்தில் இப்போது மௌனமான ஓர் அழகி உட்கார்ந்திருக்கிறாள். பொம்மையை உடைத்தவள் பொம்மையாகிக்கொண்டிருக்கிறாள். திருமணம் சூனியக்காரர்களின் முறைப்படி ரகசியமாக நடக்கிறது. சடங்கு முடியும் முன்பே குலைந்துபோகிறது. பார்பரா மறைந்துவிடுகிறாள்.

மங்காவின் இந்தப் பின்பகுதியில் மாந்திரீகம் தூக்கலாக இருப்பதற்குக் காலமும் ஒரு காரணம். ஜப்பானில் அப்போது அமானுஷ்யத்தின் மேல் ஒரு மோகம் மூண்டிருந்தது. 1973இல் நாஸ்ட்ரடாமஸ் ஆருடங்களைப் பற்றிய புத்தகம் பரபரப்பாக விற்றது. 1974இல் கரண்டியை வளைத்துக் காட்டும் யூரி கெல்லர் அங்கே தொலைக்காட்சியில் தோன்றி நாட்டையே கரண்டியோடு உட்காரவைத்தார். தெசுகா அந்தக் காற்றைப் பயன்படுத்திக்கொண்டார். முதல் பாதியில் இருந்த நுட்பம் இதனால் கொஞ்சம் மங்கிப்போகிறது என்பது என் எண்ணம். பில்லி சூனியப் பொம்மைகள் வரத் தொடங்கியதும், ‘இது அவன் தலைக்குள் நடக்கிறதா’ என்ற கேள்வியின் கூர்மை சில அத்தியாயங்களுக்குக் காணாமல் போகிறது.

அது திரும்ப வருவது, மிகுரா எழுத முடியாமல் தவிக்கும் பக்கங்களில். வருடங்கள் ஓடுகின்றன. புகழ் தேய்கிறது. எழுத்துத் தடையை ஒரு நோயாகப் பெயரிட்டு ஆராய்ந்தவர் எட்மண்ட் பெர்க்லர் என்ற உளப்பகுப்பாய்வாளர், 1940களில். எழுத்தாளன் தன்னைத் தானே தண்டித்துக்கொள்கிறான் என்ற கோணத்தில் அவர் அதைப் பார்த்தார். ஜப்பானில் இதற்கு ‘சுரான்பு’ என்று சாதாரணமாக ஒரு சொல் உண்டு. ஸ்லம்ப் என்ற ஆங்கிலச் சொல்தான். விளையாட்டு வீரனுக்கும், எழுத்தாளனுக்கும், படிக்கிற பையனுக்கும் அதே சொல். வரும், போகும் என்ற தொனி அதில் இருக்கிறது. மிகுராவுக்கு வந்திருப்பது அந்த மாதிரியான சுரான்பு இல்லை. கிணற்றில் தண்ணீர் குறைந்தால் மழைக்குக் காத்திருக்கலாம். கிணறே இடம் மாறிப் போய்விட்டால்?

கடைசியில் அவளைக் கண்டுபிடிக்கிறான். அவளுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. அவள் பார்பராவே இல்லை என்பது போலப் பேசுகிறாள். நினைவின் மகளுக்கு நினைவு இல்லை. முன்பு பார்த்த பழைய சாமான் கடையை இங்கே திரும்ப நினைத்துக்கொண்டால் இந்தக் காட்சி எவ்வளவு கொடூரமானது என்று தெரியும். உடம்பு இருக்கிறது, முகம் இருக்கிறது, கொடுப்பதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை. ஆனால் அவன் விடுவதாக இல்லை. அவளைத் தன்னோடு இழுத்துப் போகிறான். ஒதுங்கிய வீடு ஒன்றில், பசியில், உயிர்போன அவள் உடம்போடு அடைபட்டுக் கிடக்கும்போது அவனுக்கு எழுத்து திரும்ப வருகிறது. எழுதுகிறான். அந்த நாவலின் பெயர் ‘பார்பரா’. அது வெளிவந்து பெரும் வெற்றி பெறுகிறது. மிகுரா அங்கே இல்லை.

இதைப் படித்து முடித்ததும் முதல் பக்கத்துக்குப் போனேன். ‘கோடிக்கணக்கான மனிதர்களை விழுங்கிச் செரித்த நகரம்’ என்று தொடங்கிய அந்தக் குரல் யாருடையது? மிகுராவுடையது. அப்படியானால் நாம் இத்தனை நேரம் படித்தது, பசியில் செத்துக்கொண்டிருந்த ஒருவன் பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிய நாவலாக இருக்கலாம். பொம்மையும் நாயும் தெய்வமும் அவன் எழுதியவை. மெய் போன்ற பொய்யா, மெய்யேவா? ஹெஸியடுக்குச் சொன்னதற்கு மேல் மியூஸ்கள் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை.

குறை ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. இந்தக் கதையில் பெண்கள் பொம்மையாக, நாயாக, தெய்வமாக, பிணமாக வருகிறார்கள். பெண்ணாக வருவது அபூர்வம். பார்பராவுக்கு என்ன வேண்டும் என்று எந்தப் பக்கமும் கேட்பதில்லை. மிகுரா அவளை அடிப்பது முதல் பாதியில் நகைச்சுவையாகவே வரையப்பட்டிருக்கிறது. இன்று அந்தக் கட்டங்களைப் பார்க்கும்போது எனக்கு உடம்பு கூசுகிறது. எல்லாம் மிகுராவின் பார்வை, அவன் பார்வைதான் கோணல் என்று தெசுகாவின் சார்பில் வாதாடலாம். ஓரளவுக்கு அது சரியும்கூட. அவளைப் பெண்ணாகப் பார்க்கத் தெரியாததுதான் அவன் அழிவு. ஆனால் அந்தக் கோணலைத் தெசுகா எவ்வளவு தூரம் தள்ளி நின்று பார்த்தார், எவ்வளவு தூரம் கூடவே ரசித்தார் என்பதில் எனக்குச் சங்கடம் தீரவில்லை.

தெசுகாவின் மகன் மகோதோ இதைப் படமாக எடுத்தார். 2019 டோக்கியோ சர்வதேசத் திரைப்பட விழாவில் போட்டிப் பிரிவில் திரையிடப்பட்டது. மிகுராவாக கோரோ இனகாகி, பார்பராவாக ஃபுமி நிகைதோ, ஒளிப்பதிவு கிறிஸ்டஃபர் டாய்ல். டாய்ல் காட்டும் ஷிஞ்சுகுவின் இரவு ஈரமும் நியான் வெளிச்சமும் மங்காவில் இல்லாத ஒன்றைத் தருகின்றன. ஆனால் திரையில் நிகைதோவின் உடம்பு கண்முன் இருப்பதால், பார்பரா இருக்கிறாளா இல்லையா என்ற சந்தேகம் அவ்வளவு எளிதில் வருவதில்லை. மை கொண்டு வரைந்த உருவத்துக்கு அந்த வசதி உண்டு. பொம்மையும் பெண்ணும் நாயும் காகிதத்தில் ஒரே கோடுதான்.

கற்பனை வற்றிப்போகும் இதே அவதியை இன்றைய கையோடு வரைந்தவர் இனியோ அசானோ. அவருடைய ‘ரெய்ராகு’ 2017இல், ‘பிக் காமிக்’ குடும்பத்தைச் சேர்ந்த ‘பிக் காமிக் சுப்பீரியர்’ இதழில் வந்தது. நீண்ட தொடர் ஒன்றை முடித்துவிட்டு, அடுத்து என்ன வரைவது என்று தெரியாமல் நொறுங்கும் மங்கா கலைஞனின் கதை. அதில் தெய்வம் இல்லை, சூனியம் இல்லை. விற்பனைக் கணக்கு இருக்கிறது, பதிப்பாசிரியரின் ஆறிப்போன குரல் இருக்கிறது, வீட்டுக்குள் பேச்சற்ற மனைவி இருக்கிறாள். கற்பனை எங்கே போனது என்று அவன் கேட்பதைவிட, யாருக்காக வரைந்தேன் என்று கேட்பதே அதிகம். ‘பார்பரா’வுக்கும் இதற்கும் நடுவில் 44 வருடங்கள். மியூஸ் இருந்த நாற்காலியில் சந்தை வந்து உட்கார்ந்துவிட்டது. இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பது நல்லது, ‘ரெய்ராகு’வை இரண்டாவதாக.

1986இல் ஜப்பானியத் தொலைக்காட்சியான என்எச்கே தெசுகாவின் வேலை அறைக்குள் கேமராவோடு போய் எடுத்த ஓர் ஆவணப்படத்தை ஒளிபரப்பியது. சிறிய அறை, சரியாகக் கண் மூடாத தூக்கம், வாசலில் பக்கங்களுக்குக் காத்திருக்கும் பதிப்பாசிரியர்கள். தாமதத்துக்குப் பேர்போனவர் அவர். ஒசாமு என்ற புனைபெயர் வண்டினத்தைக் குறிக்கும் ‘ஒசாமுஷி’யிலிருந்து வந்தது. பதிப்பாசிரியர்கள் அதைத் திருப்பி ‘ஒசோமுஷி’, அதாவது தாமத வண்டு என்று அழைத்தார்கள். அந்தப் படத்தில் அவர் இரண்டு விஷயங்கள் சொல்கிறார். தன்னிடம் யோசனைகள் மட்டும் மலிவு விலைக்கு அள்ளி விற்கிற அளவுக்கு இருக்கின்றனவாம். ஆனால் இப்போதெல்லாம் வட்டம் போட வரவில்லையாம். ‘அஸ்ட்ரோ பாய்’ தலையை, அந்த உருண்டைக் கண்களை லட்சம் தடவை போட்ட கை.

மிகுராவுக்கு நடந்ததன் தலைகீழ் இது. கை நன்றாக இருந்தும் அவனுக்கு எழுத ஒன்றும் இல்லாமல் போனது. இவருக்கு வரைய எல்லாம் இருந்தும் கை பின்வாங்கியது.

1989 பிப்ரவரி 9 அன்று வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார். 60 வயது. வாழ்நாளில் வரைந்தது சுமார் 1,50,000 பக்கங்கள் என்று கணக்கிடுகிறார்கள். அப்போது மூன்று தொடர்கள் பாதியில் நின்றன. பேத்தோவனின் கதையான ‘லூட்விக் பி’. ‘பார்பரா’ வந்த அதே ‘பிக் காமிக்’கில் வந்துகொண்டிருந்த ‘கிரிங்கோ’. மூன்றாவது ‘நியோ ஃபாஸ்ட்’, ஆன்மாவைச் சாத்தானிடம் அடகு வைத்தவனின் பழைய கதையை ஜப்பானிய மாணவர் போராட்டக் காலத்துக்குக் கொண்டு வந்தது. மருத்துவமனைப் படுக்கையிலும் அதை வரைந்தார். அதன் கடைசிப் பக்கங்கள் மை ஏறாமல், வெறும் பென்சில் கோடுகளாகவே அச்சாகியிருக்கின்றன. முகங்களுக்கு வட்டம் மட்டும் போட்டிருக்கிறது, கண் காது எதுவும் இல்லை. பேச்சுக் குமிழ்களுக்குள் மட்டும் வசனம் எழுதியிருக்கிறது.